கீழ்க்கண்ணில் பிடித்த பனி

மேல் கண்ணில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. அதனால்தான் நான் மோசம் போனேன்.

அந்தக் காலத்து ரெட்டைக்கண் கேமராவைக் கையில் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு சின்னப் பெட்டி. முன்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள் இருக்கும். மேல் கண் நமக்கு. பெட்டியை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தால் அந்தக் கண் பார்ப்பது நமக்குத் தெரியும். கீழ்க்கண் பிலிமுக்கு. படம் பிடிப்பது அதுதான். ஆனால் அது என்ன பார்க்கிறது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. மேல் கண் பளிச்சென்று இருந்து, கீழ்க்கண் குருடாகிப் போனால், படம் பிடிக்கிற மடையன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே அமுக்கிக்கொண்டிருப்பான்.

அப்படித்தான் நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடித்த மத்தியானம். காக்களூர் ஏரிக்கு அந்தாண்டை, எங்கள் கழனியில், பம்ப்செட் கொட்டகையின் வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவள் கையில் மூன்று மாதக் குழந்தை. அதற்கு அதுவரை ஒரு படம்கூடக் கிடையாது. அதன் அப்பன் அதன் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

அக்கா புருஷன் பட்டாளத்தில் இருந்தார். அக்கா ஆறாம் மாதமாக இருந்தபோது லீவு முடிந்து போனவர். பிள்ளை பிறந்ததெல்லாம் கடிதாசில்தான் அவருக்குத் தெரியும். அந்த வருஷம் எல்லையில் எந்நேரமும் சண்டை மூளும் என்று டீக்கடை ரேடியோ முதல் ரேஷன் கடை வரிசை வரைக்கும் ஒரே பேச்சு. அக்கா அந்தப் பேச்சு காதில் விழுந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் மாமாவோடு ஒரே கம்பெனியில் இருந்த சிப்பாய் ஒருவர் லீவில் வந்தார். செவ்வாப்பேட்டைக்காரர். மாமா கொடுத்தனுப்பிய கம்பளிச் சால்வையைத் தர எங்கள் வீட்டுக்கு வந்தவர், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே இறக்கவே மனசு வராமல் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ போட்டோ ஸ்டுடியோவுலதான வேல பாக்குற? உங்க மாமா தெனம் சொல்லிக்கினே இருக்காரு, புள்ள போட்டோ ஒண்ணு வாங்கினு வாடான்னு. திங்கக்கெழம சாய்ங்காலம் எனக்கு மெட்ராஸ்ல வண்டி. மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து குட்துடு. அங்க போய்ட்டா அப்புறம் நாங்க எங்க இருப்போமோ, இன்னாவோ."

திருவள்ளூர் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் இருட்டறை வேலை எனக்கு. பிலிம் கழுவுவது, பிரதி போடுவது. சொந்தமாக ஒரு கேமராவும் வைத்திருந்தேன். மெட்ராஸில் பழைய சாமான் விற்கிற கடையில், பித்தளைச் செம்புக்கும் கிராமபோன் குழாய்க்கும் நடுவில் கிடந்ததை வாங்கி வந்தது. ஆக, போட்டோ எடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் எங்கள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் முதல் முடி பெரியபாளையத்து அம்மனுக்கு. அங்கே கொண்டுபோய் மொட்டை அடிக்கும் வரைக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஆயுசு குறையும். எங்களுக்கு மூத்தது ஒன்று இருந்ததாம். அதை யாரோ திருவிழாவில் போட்டோ எடுத்தார்களாம். அந்த மாதமே போய்விட்டதாம். அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். நான் ஸ்டுடியோ வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி.

"முடி எறக்கிட்டு வந்து தலகீழா நிக்க வெச்சுகூட எடுத்துக்கோங்க," என்றாள் இப்போது. "அதுக்கு முன்னால அந்தப் பொட்டிய புள்ள பக்கம் கொண்டாந்த, அடுப்புல போட்ருவேன்." போடக்கூடியவள்தான்.

அக்கா அவளிடம் வாதாடவில்லை. கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சண்ட வந்துடும்னு சொல்றாங்கடா. அவரு இது மொகத்தக்கூட பாக்காம…" என்றவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற சாக்கில் அக்கா குழந்தையோடு கழனிக்கு வந்தாள். நான் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வேறு வழியாக வந்தேன். கழனிக்குப் போனதற்குக் காரணம் அம்மா மட்டும் இல்லை. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. பல்பு வெளிச்சத்தில் எடுக்கிற சாமான் எல்லாம் முதலாளி பீரோவில். வானத்தின் வெளிச்சம்தான் எனக்கு வெளிச்சம். அந்த வானம் அன்று கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கேமராவை வெளியே எடுக்கிறேன், பொத்தென்று முதல் சொட்டு லென்ஸ் மேலேயே விழுந்தது.

அது மழையா! கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். உள்ளே கூரையும் ஒழுகியது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு துண்டு. குழந்தையைச் சுற்றினேன். கேமராவைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். மேலே மழை, கீழே என் வியர்வை. நடுவில் அந்தப் பெட்டி வெந்துகொண்டிருந்தது என்று அப்போது உறைக்கவில்லை.

மழை விட்டது. விட்ட வேகத்தில் வெயில் வந்தது. கழனி முழுக்க நீர் மின்ன, அந்த வெளிச்சம் இருக்கிறதே, எந்த ஸ்டுடியோவிலும் அப்படி வராது. குழந்தைக்கு அது என்னவோ பிடித்துப்போய், பொக்கை வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தது. நான் குனிந்து பார்த்தேன். மேல் கண்ணில் ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது. எடுத்தேன். சுருளைத் திருப்பினேன். எடுத்தேன். அக்கா தோளில் சாய்ந்து, முஷ்டியைக் கடித்துக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, எல்லாம். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சுருளில் கடைசிப் படத்தை மட்டும் விட்டு வைத்தேன்.

வரப்பில் திரும்பி நடக்கும்போதுதான் கேமராவைத் திருப்பி, முன்பக்கத்தைத் துடைக்கலாம் என்று பார்த்தேன். கீழ்க்கண் வெள்ளையாக இருந்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன். அப்படியே இருந்தது. விரலில் ஈரம் ஒட்டவே இல்லை. பனி உள்ளே இருந்தது.

எப்போது பிடித்தது? முதல் படத்துக்கு முன்னாலா, கடைசியில்தானா? எடுத்ததில் ஒன்றாவது தேறுமா? பெட்டியைத் திறந்து பார்த்தால் பிலிம் போச்சு. அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையின் காதில், "நைனா உன்னப் பாக்கப்போறாரு, நைனா உன்னப் பாக்கப்போறாரு," என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கேமராவைப் பைக்குள் தள்ளினேன். வரப்பு முடிவதற்குள் குழந்தை தும்மியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நனைந்த துண்டைப் பார்த்தாள், என் தோள் பையைப் பார்த்தாள். குழந்தையை வாங்கி உடம்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "பொட்டிக்குள்ள புள்ளைய அடைச்சிட்டீங்க இல்ல? அடைச்சிட்டீங்க இல்ல?" என்று அதையே சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

ஸ்டுடியோவில் முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார்: லென்சுக்குள் ஆவி பிடித்தால் ஊதாதே, குலுக்காதே, கழற்றாதே, வெயிலில் வைக்காதே, நெருப்புப் பக்கம் கொண்டுபோகவே போகாதே. உள்ளே கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பசை இளகிவிட்டால் அந்தக் கேமரா அதோடு முடிந்தது. மெல்லிசுத் துணியில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவிட்டு, சும்மா இரு. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நானும் கேமராவை அம்மாவின் பழைய வாயில் புடவைத் துண்டில் சுற்றி, அரிசி டின்னில் புதைத்தேன். எதற்கு என்று அம்மா பார்த்ததற்கு, உள்ளே ஈரம் என்று மட்டும் சொன்னேன். சும்மா இருக்கத்தான் முடியவில்லை. சாயங்காலத்துக்குள் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்க மறுத்தது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அந்தக் குழியை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓடினேன். டாக்டர் ஊரில் இல்லை. கம்பவுண்டர் கிடைத்தார். அவரைக் கேரியரில் உட்காரவைத்துச் சேற்றில் மிதித்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே சாம்பிராணி வாசனை. பிள்ளை பெற்ற வீடு. தலைக்கு ஊற்றிய நாளில் எல்லாம் சாம்பிராணி போடுவது வழக்கம்தான். கங்குச் சட்டி மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அந்தப் புகையில் தாயின் தலைமுடியை உலர்த்துவார்கள், பிள்ளையின் தலையைக் காட்டுவார்கள். சளி பிடிக்காது.

உள்ளே போனேன். அம்மா கூடைக்கு மேலே குழந்தையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். புகை அதன் முதுகைச் சுற்றி எழுந்தது. கூடையின் மேல், குழந்தையின் காலடியில், என் கேமரா உட்கார்ந்திருந்தது. அரிசி ஒட்டிய புடவைத் துணிகூட அப்படியே கிடந்தது.

"ஐயோ! இன்னாம்மா பண்ற? உள்ள பசை எளகிடும்! எல்லாம் நாசமாப் போச்சு!" என்று பாய்ந்தேன்.

"தொடாத!" என்றாள் அம்மா. அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "பசையாவது மண்ணாவது. புள்ளையோட நெழலு அதுக்குள்ள நனஞ்சு கெடக்குது. அங்க ஈரம் இருக்கிற வரைக்கும் இங்க ஜொரம் எறங்காது. ரெண்டும் ஒண்ணாக் காயட்டும்."

பள்ளிக்கூடம் முடித்தவன் நான். வெளிச்சம் கண்ணாடி வழியாகப் போய் வெள்ளி உப்பின் மேல் விழுவதுதான் படம் என்று முதலாளி சொல்லித் தெரிந்தவன். தினமும் ஊரார் முகத்தையெல்லாம் தொட்டித் தண்ணீரில் கழுவி எடுக்கிறவன். இருந்தும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். பயம்தான். அவள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? கேமராவை நான் பிடுங்கிய நேரம் பார்த்து அந்தக் குழி இன்னும் ஆழமாக விழுந்தால்? கூடை மேல் இருந்த அந்த இரண்டு கண்ணையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கம்பவுண்டர் புகையை அணைக்கச் சொல்லி அம்மாவைக் கடிந்துகொண்டார். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். "சளி கட்டிக்கினு கீது. காலைல வரேன்," என்றார். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை.

காலையில் அவர் சொன்னபடி வந்தார். மறுபடி ஊசி. இந்தத் தடவை வெகுநேரம் காது வைத்துக் கேட்டார். மெட்ராஸுக்குத் தூக்கிப் போகலாமா என்று அக்கா கேட்டாள். "இந்த ஈரக் காத்துல வெளிய எடுக்காதம்மா, ரயில்ல தாங்காது. சாய்ங்காலம் வரைக்கும் பாக்கலாம்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அம்மா காபி கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுக் காபியை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாத மனுஷர் அவர். கேட்டு வாங்கிக் குடிப்பார். அன்று டம்ளரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

அம்மா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காபி ஆறி ஆடை கட்டியது. பிறகு அதைக் கீழே வைத்தாள். கூடை இருந்த மூலைக்குப் போனாள். கேமராவை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"எடுடா நைனா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இன்னாம்மா?"

"புள்ளைய எடு. எடுத்துக்கினு போய் அந்தப் பட்டாளத்துக்காரன் கைல குடு." குழந்தை பக்கம் திரும்பினாள். "பெத்தவன் அது மொகத்தையாவது பாக்கட்டும்."

அதுவரைக்கும் நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. ஆயுசு குறையும் என்று பெட்டியைப் பிள்ளை பக்கம் விடாதவள், குறைவதற்கு இனி ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அதை வாய்விட்டுச் சொல்லாமல் கேமராவை நீட்டுகிறாள். அக்காவுக்கும் புரிந்துவிட்டது. "அம்மா, வேணாம்மா. அப்டி சொல்லாதம்மா. வேணாண்டா, எடுக்காதடா," என்று குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

"குடுடி," என்றாள் அம்மா. "உன் ஊட்டுக்காரனுக்கு நீ இன்னா பதில் சொல்லுவ? குடு." அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நெல்லை உள்ளே எடுத்து வை என்பதுபோலச் சொன்னாள். அக்கா கொடுத்துவிட்டாள்.

கேமராவைப் பார்த்தேன். கீழ்க்கண்ணின் வெளிப்பக்கம் பழுப்பாகப் புகை படிந்திருந்தது. மெல்லத் துடைத்தேன். உள்ளே வெள்ளை இல்லை. பசை இளகினதாகவும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது முன் கண்ணாடி மட்டும்தான். அதற்குப் பின்னால், ஷட்டர் மூடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி இருக்கிறது. அதில் பனி இருக்கிறதா? ஷட்டரைத் திறந்தால்தான் தெரியும். திறந்தால் அந்தக் கடைசிப் படம் வீணாகிவிடும். வேறு சுருள் வாங்க ஸ்டுடியோவுக்குப் போய் வரலாம். அதற்குள் என்ன ஆகுமோ என்று நினைத்தவுடனே அந்த எண்ணத்தையே விட்டேன்.

அம்மா வாசல் நிலைக்குள்ளேயே, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். குழந்தையின் தலையை வாரினாள். மை எடுத்துக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அந்த நிலைமையிலும் திருஷ்டிப் பொட்டு! கையில் நிமிர்த்திப் பிடித்து, தன் முகம் படத்தில் விழாதபடி வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் மண்டி போட்டேன். குனிந்து பார்த்தேன். என் கண்ணீர்தான் கண்ணாடி மேல் விழுந்தது. துடைத்தேன். குழந்தை கண்ணை மூடியிருந்தது.

"டேய் ராஜா, டேய் குட்டி, இங்க பாருடா," என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. நாக்கை மடித்துச் சொடக்கு விட்டேன். இமை அசைந்தது. பாதி திறந்தது. மேல் கண்ணை விட்டுவிட்டு நேராகக் கீழ்க்கண்ணைப் பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

"போ. நிக்காத," என்றாள் அம்மா.

எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ஸ்டுடியோவில் முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு இருட்டறைச் சாவியைக் கொடுத்தார். பிலிமை மருந்தில் விட்டேன். எத்தனையோ கல்யாணச் சுருளைச் சீட்டியடித்துக்கொண்டு கழுவியவன் அன்று நொடியை எண்ணிக்கொண்டு நின்றேன். ஈரச் சுருளைத் தூக்கிச் சிவப்பு விளக்குக்கு முன்னால் பிடித்தேன்.

சிரித்த படம் எல்லாம் போயிருந்தது. ஒன்றுகூட இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஒரு மங்கல், அக்கா இருந்த இடத்தில் ஒரு மங்கல், அவள் கையில் முகமே இல்லாத ஒரு மூட்டை. வரிசையாக அப்படியே. பெட்டிக்குள் பிள்ளையை அடைத்துவிட்டேன் என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. சுருளைக் கீழ்ப்பக்கம் நகர்த்தவே பயந்தேன். அப்புறம் நகர்த்தினேன்.

கடைசிப் படம் தெளிவாக இருந்தது. பாதிக் கண், கன்னத்துப் பொட்டு, உலர்ந்த உதடு, எல்லாம். அம்மாவின் விரல் நகம்கூடத் தெரிந்தது. பிரதி போட்டு, விசிறியடியில் காய வைத்து, பாதி ஈரத்தோடு காகிதத்தில் மடித்து, பாசஞ்சர் பிடித்துச் செவ்வாப்பேட்டையில் இறங்கி ஓடினேன். சிப்பாய் டிரங்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார். "தூக்கத்துல எழுப்பி எடுத்தியா? அப்பன் மூக்கு அப்டியே கீது," என்று சிரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதை அவர் அங்கே சொல்ல வேண்டிவரும்.

திரும்பி வந்த வழிதான் கொடுமை. திருவள்ளூரில் இறங்கிச் சைக்கிளை எடுத்தேன். ஏரிக்கரை வரை வேகமாக மிதித்தவன் அதற்குமேல் மெதுவாகிவிட்டேன். எதிரில் வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன், எவனாவது என்னைப் பார்த்ததும் கண்ணைத் திருப்புகிறானா என்று. பறைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். எங்கோ நெல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கே பிரேக்கைப் பிடித்தேன்.

தெரு முனை திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்றிருந்தார்கள்.

காலை ஊன்றிவிட்டேன். அதற்கு மேல் சைக்கிள் நகரவில்லை. பெண்கள் முதுகுதான் தெரிந்தது. யாரும் பேசவில்லையா, எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியாது. பெரியபாளையத்தாளே, அந்தப் பொட்டிய நானே அடுப்புல போட்டுர்றேன் என்று வேண்டிக்கொண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சேற்றில் கால் வைத்து, கால் வைத்து நடந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"ஏண்டி, இது இன்னா ஊடா, சந்தையா? இப்பத்தான் பால் குடிச்சிட்டுக் கண்ண மூடிக்கினு கீறான். வந்தவளுங்க எட்டிப் பாத்தீங்க இல்ல, போங்கடி! கண்ணு வெக்காதீங்கடி!"

எங்கள் அம்மா சாவு வீட்டில் யாரையும் திட்டமாட்டாள். சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். பெண்கள் திரும்பிப் பார்த்து, "இவனுக்கு இன்னா ஆய்டுச்சி?" என்றார்கள்.

மாமா திரும்பி வந்தார். சண்டை வந்தது, முடிந்தது, காலில் ஒரு தழும்போடு வந்தார். சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் வியர்வையில் வெளுத்திருந்தது. "மச்சான், சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி கீதுய்யா," என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள். அடுத்து வந்த ஆடியில் பெரியபாளையத்தில் மொட்டை அடித்தோம். கேமராவை நான் அடுப்பில் போடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. லென்சில் சாம்பிராணி வாசனை மட்டும் பல மாதம் போகவே இல்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு பாக்டரியில் போர்மேன் ஆகி, அங்கேயே வீடு கட்டினான். கூடத்துச் சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினான். அதற்குக் காரணம் அவனுக்குத் தெரியாது. அது அவன் அப்பாவின் பையில் இருந்த படம், அவ்வளவுதான் தெரியும். அந்த வீட்டுக்குப் போனால் அம்மா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அவளுக்குக் காற்று அந்தப் பக்கம்தான் வருகிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னா மாமா நீ, பெரிய போட்டோக்காரன்னு பேரு. மூஞ்சியப் பாரு, தூங்கி வழியுது. சிரிக்கும்போது ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதா?"

"எடுத்தேண்டா," என்றேன். "ஒரு சுருள் பூரா எடுத்தேன். லென்சுக்குள்ள பனி பூந்துடுச்சி."

அம்மா சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "போட்டோ இன்னாடா போட்டோ," என்றாள். "ஆளு கீறான் இல்ல?"